வேப்பெண்ணெய்க்குக் கேட்காத மாவுப்பூச்சி

பெரம்பூர் வாசகரின் கேள்வி:

மொட்டை மாடியில் பதினைந்து தொட்டிகள் வைத்திருக்கிறேன். அடுக்குச் செம்பருத்தியின் மொட்டுகளை வெள்ளைப் பஞ்சு போன்ற ஒன்று மூடியிருக்கிறது. மூன்று வாரங்களாக வேப்பெண்ணெய் தெளித்தும் குறையவில்லை. வேப்பெண்ணெய் என்பதே வெறும் பேச்சுதானா? செடியைப் பிடுங்கி எறிந்துவிடலாமா?

2024 ஏப்ரல் 7

பிடுங்க வேண்டாம். மேற்கு மாம்பலத்தில் எங்கள் மாடியில் பைகளும் தொட்டிகளுமாக நாற்பது இருக்கின்றன. ஒவ்வோர் ஆண்டும் பங்குனி வெயில் ஏறும்போது முதலில் வெளுப்பது செம்பருத்திதான். நீங்கள் சொல்வது மாவுப்பூச்சி. வேப்பெண்ணெய் வெறும் பேச்சு அன்று. ஆனால் அதை எப்படிக் கலந்தீர்கள், எந்த நேரத்தில் தெளித்தீர்கள், செடியின் எந்தப் பகுதியில் தெளித்தீர்கள் என்ற மூன்றையும் நீங்கள் எழுதவில்லை.

எண்ணெய் தண்ணீரில் கலவாது என்பது எல்லோரும் அறிந்ததே. இருந்தும் தெளிப்பானில் தண்ணீரை நிரப்பி, மேலே ஒரு மூடி எண்ணெயை ஊற்றிக் குலுக்குகிறோம். நான் இரண்டு ஆண்டுகள் அப்படித்தான் செய்தேன். தொடக்கத்தில் வெறும் தண்ணீர் வந்தது, அடியில் எட்டியபோது சுத்த எண்ணெய் வந்தது. முதல் செடியில் பூச்சி பிழைத்தது, கடைசிச் செடியில் இலை கருகியது. சோப்புக் கரைசலில் முதலில் எண்ணெயை ஊற்றிப் பால் போல வெளுக்கும் வரை அடித்து, அதன் பிறகே மீதித் தண்ணீரைச் சேர்க்க வேண்டும். ஒரு லிட்டருக்கு 5 மில்லி எண்ணெய் போதும். விளக்கேற்றுவதற்கென்று விற்கும் கலப்பு எண்ணெய் உதவாது. நாட்டு மருந்துக் கடையில், மூடியைத் திறந்ததும் முகம் சுளிக்க வைக்கும் எண்ணெயைக் கேட்டு வாங்குங்கள்.

வளர்ந்த மாவுப்பூச்சியின் மேலிருக்கும் வெள்ளைப் பொடி ஒருவகை மெழுகு. அதன் மேல் விழும் துளி உருண்டு ஓடிவிடும். பஞ்சு போலத் தெரிவதில் ஒரு பகுதி முட்டைப் பை. ஒரு பையில் நூற்றுக்கணக்கான முட்டைகள் இருக்கும், அவற்றைத் தெளிப்பு தொடுவதே இல்லை. முட்டையிலிருந்து வெளிவந்து ஊர்ந்து திரியும் இளங்குஞ்சுகளுக்கு மட்டும் மெழுகு இன்னும் படிந்திராது, மருந்து பிடிப்பது அவற்றின் மேல்தான். அதனால்தான் ஏழு நாளுக்கு ஒரு முறையாக மூன்று, நான்கு முறை தெளிக்கச் சொல்கிறார்கள். மேலும், வேம்பில் இருக்கும் அசாடிராக்டின் பூச்சியைத் தீண்டியவுடன் கொல்வதில்லை. அதன் பசியைக் கெடுத்து, தோலுரித்து வளர்வதைத் தடுக்கும். காலையில் தெளித்துவிட்டு மாலையில் பிணங்களைத் தேடினால் ஏமாற்றம்தான். வெயிலில் அது சீக்கிரம் சிதைந்தும் போகும். மாலை ஐந்தரை மணிக்கு மேல், இலையின் அடிப்பக்கமும் கணுக்களும் நனையும்படி தெளியுங்கள். அதற்கு முன் மிக மோசமான கிளை நுனிகளை வெட்டி, கட்டிய பையில் போட்டுக் குப்பைக்கு அனுப்பிவிடுங்கள்.

2024 ஏப்ரல் 9

எறும்பை மறந்துவிட்டேன். செம்பருத்தித் தண்டில் எறும்புகள் ஏறி இறங்குகின்றனவா என்று பாருங்கள். மாவுப்பூச்சி சாற்றை உறிஞ்சி, வேண்டாத சர்க்கரையைத் தேன்பாகு போலக் கழிக்கிறது; அதற்காக எறும்புகள் அதைக் கறவைமாடு போல மேய்க்கின்றன, அதைத் தின்ன வரும் பூச்சிகளைக் கடித்து விரட்டுகின்றன. எங்கள் மாடியில் இதைச் செய்வது பெரும்பாலும் பிள்ளையார் எறும்புதான். மனிதரைக் கடிக்காத எறும்பு, பெயரும் பிள்ளையார், ஆகவே மாமியார் அதை நசுக்க விடமாட்டார்.

தொட்டியை ஒரு முக்காலியின் மேல் வைத்து, முக்காலியின் கால்களைத் தண்ணீர் நிரப்பிய கிண்ணங்களில் நிறுத்துங்கள். பழைய காலத்தில் உணவு அலமாரிக்குச் செய்த அதே உபாயம்.

2024 ஏப்ரல் 14

மேலே கிண்ணத்தில் தண்ணீர் வைக்கச் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். கொசு ஒழிப்புக்காக வீடு வீடாக வரும் பணியாளர் நேற்று எங்கள் மாடிக்கு வந்து, என் எட்டுக் கிண்ணங்களில் மூன்றில் நெளியும் புழுக்களைக் காட்டி, "அம்மா, நீங்களே இப்படிச் செய்யலாமா?" என்று கேட்டார். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குத் தெளிந்த, தேங்கிய, சிறிதளவு தண்ணீர் போதும். முட்டையிலிருந்து கொசுவாகச் சற்றேறக்குறைய ஒரு வாரம்தான் ஆகும். அவர் சொன்னதில் ஒரு சொல்லும் தவறில்லை. மாவுப்பூச்சிக்கு அஞ்சிக் கொசு வளர்த்த கதையை வருடப்பிறப்பன்று எழுதுகிறேன்.

இப்போது முக்காலிக் கால்களைச் சுற்றி நான்கு விரல் அகலத்துக்கு விளக்கெண்ணெய் தடவியிருக்கிறேன். பிசுக்கு மிகுந்த எண்ணெய் என்பதால் எறும்பு தயங்கித் திரும்புகிறது. தூசி படிந்தால் மீண்டும் தடவ வேண்டும். தண்டிலேயே தடவாதீர்கள்.

சோப்பைப் பற்றியும் ஒரு திருத்தம். கையில் கிடைத்த துணி சோப்புத் தூளைக் கரைத்ததாக நீங்கள் இப்போது எழுதியிருக்கிறீர்கள். அது இலையைப் பொசுக்கும். காதி கடையில் கிடைக்கும் சாதாரணக் குளியல் சோப்பைத் துருவிக் கரைத்தால் போதும், அதையும் முதலில் ஒரே ஒரு கிளையில் தெளித்து இரண்டு நாள் பொறுத்துப் பாருங்கள்.

2024 ஏப்ரல் 28

இதை எழுதத் தயக்கமாக இருந்தது. சென்ற ஆண்டு கோடையில் நான் காலைதோறும் காப்பியுடன் மாடிக்குப் போய், பழைய பல் துலக்கியால் மாவுப்பூச்சிகளைத் தேய்த்து எடுத்துக்கொண்டிருந்தேன். அவற்றுள் சில மற்றவற்றைவிடப் பெரியவை. உடலெங்கும் நீண்ட வெள்ளை இழைகள் தொங்கும். தொட்டால் விரைந்து ஓடும். தலைவர்கள் என்று எண்ணி அவற்றைத்தான் முதலில் நசுக்கினேன். ஒரு காலையில் இருபது வரை நசுக்கியிருப்பேன். இரண்டு வாரத்தில் செடி முன்னிலும் வெளுத்தது.

அவை மாவுப்பூச்சிகள் அல்ல. மாவுப்பூச்சியைத் தின்னும் கிரிப்டோலேமஸ் என்ற பொறிவண்டின் புழுக்கள். இரைக்கும் எறும்புக்கும் அடையாளம் தெரியாதபடி இரையைப் போலவே மெழுகு வேடம் பூண்டிருக்கின்றன. அந்த வேடத்தில் எறும்பு ஏமாந்தது, நானும் ஏமாந்தேன். இந்த வண்டு ஆஸ்திரேலியாவைச் சேர்ந்தது. காப்பித் தோட்டத்துச் செதில்பூச்சியை ஒழிப்பதற்கென்று 1898இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. இன்றும் இதை வளர்த்து விற்கிறார்கள். வளர்ந்த வண்டு கடுகைவிடப் பெரியது, கருப்பு உடல், செம்பழுப்புத் தலை, புள்ளி எதுவும் கிடையாது. பொறிவண்டென்றால் சிவப்பில் கரும்புள்ளி என்று பாடப்புத்தகத்தில் படித்தவர்களுக்கு இதைப் பார்த்தால் பொறிவண்டென்றே தோன்றாது.

வேறுபாடு அறிய எளிய வழி: குச்சியால் மெல்லத் தொடுங்கள். மாவுப்பூச்சி நகர யோசிக்கும், புழு ஓடும். மாவுப்பூச்சியின் ஓரத்து இழைகள் குட்டையானவை. புழுவின் இழைகள் நீண்டு, பிய்ந்த பஞ்சு போலத் தாறுமாறாக இருக்கும்.

பெரம்பூர்க்காரரே, மூன்று வாரத் தெளிப்பில் நீங்கள் எவற்றைக் கொன்றீர்கள் என்று இனி நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

2024 மே 12

அக்கினி நட்சத்திரம். மாலை ஆறு மணிக்கும் தரை கொதிக்கிறது. வெண்டை இலைகள் வெளிறி, அடியில் நுண்ணிய நூலாம்படை தெரிந்தால் அது செம்பேன். எட்டுக் கால் உடையது, பூச்சி இனமே அன்று. வறட்சியும் தூசியும் அதற்கு விருந்து. இலையின் அடிப்பக்கத்தைக் குழாய்த் தண்ணீரால் அழுத்திக் கழுவுவதைத் தவிர இந்த மாதம் நான் எதுவும் செய்வதில்லை. கருகும் வெயிலில் எண்ணெய் தெளித்தால் செடி வதங்கும்.

2024 மே 14

இஞ்சி, பூண்டு, பச்சைமிளகாய்க் கரைசலைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். அரைத்தேன், வடிகட்டினேன், காற்றின் திசை பாராமல் தெளித்தேன். மாவுப்பூச்சிக்கு என்ன ஆயிற்று என்று என்னால் கண்ணைத் திறந்து பார்க்க முடியவில்லை. கொடியில் காய்ந்துகொண்டிருந்த மூன்றாம் வீட்டுப் புடவைகள் பூண்டு மணத்தோடு மீண்டும் துவைக்கப்போயின. அவ்வீட்டு அம்மாள் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. புளித்த மோரில் பெருங்காயம் கலந்து தெளித்தபோதும் ஏறத்தாழ இதுவே நடந்தது. அடுக்குமாடிக் குடியிருப்பில் மருந்தின் மணத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

2024 ஜூன் 23

ஏப்ரல் 28இல் எழுதியதை இங்கே திருத்துகிறேன், அல்லது அதற்கு ஒரு மறுபக்கம் சேர்க்கிறேன். பொறிவண்டைக் கொன்ற குற்றவுணர்வில், கத்தரிச் செடியில் புள்ளி வண்டுகளைக் கண்டதும் மகிழ்ந்து, தண்ணீர் தெளிப்பதைக்கூட நிறுத்தி, வீட்டாரை அழைத்துக் காட்டினேன். பத்து நாளில் கத்தரி இலைகள் பச்சையம் சுரண்டப்பட்டு, நரம்பு மட்டும் மிஞ்சிய சல்லடையாயின. அது எபிலாக்னா வண்டு. பொறிவண்டுக் குடும்பத்தில் பிறந்தும் தழை தின்பது. பளபளப்பற்ற செம்பழுப்பு முதுகில் நிறையக் கரும்புள்ளிகள் இருக்கும். ஓர் இனத்துக்கு அறிவியல் பெயரிலேயே இருபத்தெட்டுப் புள்ளி என்று இருக்கிறது. அதன் புழு மஞ்சள் நிறம், உடலெங்கும் கிளைத்த முட்கள்.

நண்பனைப் பகைவன் என்று நசுக்கினேன், பகைவனை நண்பன் என்று விருந்தோம்பினேன். மாமியார் இதைக் கேட்டுச் சிரித்துவிட்டு, காலையில் வண்டுகள் மந்தமாக இருக்கும்போது செடியை ஒரு தட்டின் மேல் உலுக்கி, விழுந்தவற்றைச் சோப்புத் தண்ணீரில் போட்டார். இலையடியில் நிறுத்திவைத்தாற்போல் மஞ்சள் முட்டைகள் குவிந்திருக்கும். அந்த இலையைக் கிள்ளி எறிய வேண்டும். நாற்பது பைகளுக்கு இது போதும், தெளிப்பான் தேவையில்லை.

2024 ஜூலை 7

குரோம்பேட்டையிலிருந்து ஒருவர், தம் பப்பாளியில் இருப்பதும் செம்பருத்தியில் இருப்பதும் ஒன்றா என்று கேட்கிறார். ஒன்றாக இருக்கலாம். செம்பருத்தியைத் தாக்கும் மாவுப்பூச்சிகள் பல. நசுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருப்பது ஒன்று, மஞ்சளாக இருப்பது பப்பாளி மாவுப்பூச்சி. பின்னதை ஆல்கஹாலில் ஊறவைத்தால் கருநீலமாகும். கொரோனா காலத்துச் சானிடைசர் வீட்டில் மீந்திருந்தால் ஒரு மூடியில் ஊற்றிச் சோதித்துப் பாருங்கள்; எங்கள் வீட்டில் அதற்கு வேறு பயன் இல்லாமற்போய்விட்டது.

இந்தப் பப்பாளி மாவுப்பூச்சி மெக்சிகோ, நடு அமெரிக்கப் பகுதியைச் சேர்ந்தது. இந்தியாவில் முதலில் 2008இல் கோயம்புத்தூரில் கண்டறியப்பட்டது. பப்பாளி மட்டுமன்றி மல்பெரி, மரவள்ளி, காட்டாமணக்கு என்று கண்டதையெல்லாம் பிடித்தது. கடும் மருந்துகளை அடித்துப் பார்த்தும் அடங்கவில்லை. அதன் பிறந்த நாட்டில் அதை அடக்கிவைத்திருந்த குளவி இங்கே இல்லை என்பதுதான் காரணம். 2010இல் அசெரோஃபேகஸ் பப்பாயே என்ற, கண்ணுக்கு அரிதாகவே தெரியும் ஒட்டுண்ணிக் குளவியைப் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து பெங்களூருக்குத் தருவித்து, பெருக்கி, தமிழ்நாட்டின் தோட்டங்களில் விட்டார்கள். அது மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடுகிறது. பொரிந்த புழு உள்ளிருந்தே அதைத் தின்று வளர்கிறது. பூச்சி உப்பிப் பழுப்பேறிய கூடாகிவிடும், ஒரு வட்டத் துளையிட்டுக் குளவி வெளியேறும். சில மாதங்களில் பெரும்பாலான இடங்களில் பூச்சி தணிந்தது.

ஆகவே உப்பிய பழுப்புக் கூடுகள் தெரியும் கிளையை வெட்டி எறியாதீர்கள். ஏப்ரல் 7இல் "மோசமான கிளை நுனிகளை வெட்டி" என்று நான் எழுதியதற்கு இது ஒரு நிபந்தனை: வெட்டும் முன் ஒரு பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள்.

2024 ஜூலை 8

நர்சரியில் லேபிள் இல்லாத சிறு பாட்டிலில் ஊற்றித் தரும் மருந்தை வாங்கலாமா என்று கேட்டவருக்கு: வாங்காதீர்கள். எனக்கும் ஒரு முறை ஒரு கடைக்காரர், "லிட்டருக்கு அரை மூடி, மறுநாள் ஒன்றுகூட இருக்காது" என்று தந்தார். மறுநாள் உண்மையாகவே ஒன்றும் இல்லை. சிலந்தி இல்லை, வண்டு இல்லை, தேனீ வரவில்லை. மூன்றாம் வாரம் மாவுப்பூச்சி மட்டும் திரும்பி வந்தது. அதே மாடியில் கறிவேப்பிலையும் கீரையும் பறித்துச் சமைக்கிறோம். மோனோகுரோட்டோபாஸ் போன்றவற்றைக் காய்கறிகளில் பயன்படுத்தக் கூடாதென்று அரசின் தடை இருக்கிறது. பெயரே எழுதாத பாட்டிலுக்குள் எந்தத் தடையைப் போய்த் தேடுவது?

2024 ஆகஸ்ட் 4

ஆடிப் பட்டத்துக்கு விதைத்தவை முளைத்துவிட்டன. இரண்டு சிறு குறிப்புகள்.

கத்தரியின் நுனித் தண்டு மட்டும் தண்ணீர் ஊற்றியும் தொங்கினால், உள்ளே துளைப்பான் புழு இருக்கிறது. வேப்பெண்ணெய் அதை எட்டாது. வாடிய இடத்துக்கு ஓர் அங்குலம் கீழே வெட்டிப் பிளந்து பாருங்கள். வெட்டியதை மக்குத் தொட்டியில் போடாமல் அழித்துவிடுங்கள்.

அடுத்து, தென்னை மரத்தின் கீழே உள்ள மாடிகளில் கொய்யா இலை கரி பூசியதுபோல் கருத்திருந்தால், அண்ணாந்து பாருங்கள். தென்னோலையின் அடியில் சுருள் சுருளாக வெள்ளை முட்டைக் கோலம் தெரியும். ரூகோஸ் என்னும் சுருள் வெள்ளை ஈ. இந்தியாவில் 2016இல் பொள்ளாச்சியில் முதலில் காணப்பட்டது. மேலிருந்து சொட்டும் தேன்பாகின் மேல் கரும்பூசணம் வளர்கிறது. இலையைத் தின்பதில்லை, ஆனால் வெளிச்சத்தை மறைக்கிறது. லிட்டருக்கு 10 கிராம் மாவு கரைத்துக் காய்ச்சிய நீர்த்த கஞ்சியை ஆறவைத்துத் தெளித்தால், காய்ந்தபின் அப்பளம் போலக் கரி உரிந்து விழும். இதைச் செய்த அன்று மட்டும் எனக்குத் தோட்ட வேலையில் முழு நிறைவு கிடைத்தது.

2024 அக்டோபர் 17

நேற்று முன்தினம் பெய்த மழைக்குப் பின் செம்பருத்தியில் ஒரு வெள்ளைப் புள்ளிகூட இல்லை. ஐந்து மாதம் நான் குழாயைப் பிடித்துச் செய்ததை வானம் ஒரே நாளில் செய்துவிட்டது. இனிப் புழுக்களின் காலம்.

கறிவேப்பிலையில் பறவை எச்சம் போல ஒட்டியிருப்பவற்றைத் தொட்டால், தலைக்குப் பின்னிருந்து செந்நிறக் கொம்பு ஒன்று நீண்டு, கிச்சிலி மணத்தோடு முறைக்கும். எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழு அது; பெரிதானால் பச்சையாகிவிடும். ஒரு சிறு கன்றை மூன்று நாளில் மொட்டையடிக்கும். எங்களிடம் இரண்டு கறிவேப்பிலைச் செடிகள் இருப்பதால், புழுக்களை எல்லாம் ஒன்றுக்கு மாற்றிவிட்டு, மற்றொன்றை ரசத்துக்கு வைத்துக்கொண்டோம். மொட்டையடித்த செடி மறு மாதமே துளிர்க்கும். ஒரே செடி வைத்திருப்பவருக்கு இந்தத் தாராளம் கட்டுப்படியாகாது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

தினைப்புனம் காத்த வள்ளிக்குப் பரணும் கவணும் இருந்தன, ஓட்ட வேண்டியவை கிளிகள். விரட்டினால் பறந்துபோகும் பகைவரைப் பெற்றவள் பாக்கியவதி.

2024 டிசம்பர் 1

புயலில் ஆறு பைகள் கவிழ்ந்தன. செம்பருத்தி நிற்கிறது.

2025 ஜனவரி 5

மார்கழிப் பனிக்கு அவரைக் கொடியின் பிஞ்சுகளில் அசுவினி என்ற சாறுறிஞ்சும் சிறு பூச்சி கரும்படையாக ஏறியிருக்கிறது. மாமியார் செய்யாறுப் பக்கத்து வழக்கப்படி விடியற்காலைப் பனியீரத்தின் மேல் சாம்பலைத் தூவுகிறார். அவர் ஊரில் அது விறகடுப்புச் சாம்பல், இங்கே அதை எங்கு தேடுவது? தெருமுனைத் தேய்ப்புக்காரரின் கரிச்சாம்பலைச் சலித்து வாங்கி வருகிறார். அவர் தூவாத பந்தல் பக்கத்தில், அசுவினிக் கூட்டத்தின் நடுவே காலில்லாத பச்சைப் புழு ஒன்று ஒவ்வொன்றாகத் தூக்கி உறிஞ்சுவதை அரைமணி நேரம் பார்த்தேன். மிதவை ஈயின் புழு. பூவின் மேல் அசையாமல் மிதந்து நிற்கும், குளவி போல மஞ்சள் வரியிட்ட ஈயை நீங்களும் கண்டிருப்பீர்கள்.

ஏப்ரல் 7இல் எழுதிய முதல் குறிப்பை இப்போது படித்தால், கலக்கும் முறையில் மாற்றமில்லை. ஆனால் ஏழு நாளுக்கு ஒரு முறை என்று கடிகாரம் வைத்துத் தெளிக்கச் சொன்னதை இன்று சொல்லமாட்டேன். என்னிடம் இரண்டு செம்பருத்திகள் உள்ளன. ஒன்றுக்கு மே வரை ஒழுங்காக வேப்பெண்ணெய் தெளித்தேன். மற்றொன்றுக்கு எறும்பைத் தடுத்து, வாரம் இரு முறை தண்ணீரை மட்டும் பீய்ச்சினேன். ஜூலையில் இரண்டாவது செடியில்தான் கருவண்டு முதலில் வந்தது, மொட்டும் முதலில் விரிந்தது. அதன் இலையில் ஒரு நாள் குரங்கின் முகத்தைச் சிறிதாக வார்த்தெடுத்தாற்போன்ற கூட்டுப்புழு ஒன்றையும் கண்டேன். ஸ்பால்கிஸ் என்ற சிறிய வண்ணத்துப்பூச்சியுடையது. அதன் புழு தழை தின்னாது, மாவுப்பூச்சியையே தின்று வளரும். இரண்டே செடிகளை வைத்து நான் எதையும் நிறுவிவிட முடியாது. இரண்டாவது செடிக்கு நிழலும் கொஞ்சம் கூடுதல். என்றாலும் இந்தக் கோடையில் வேப்பெண்ணெய்ப் புட்டியை எடுக்கும் முன் இரண்டு வாரம் பொறுத்துப் பார்ப்பேன்.

பெரம்பூர்ச் செடியில் ஒரே நாளில் ஏழு பூக்கள் என்று அவர் எழுதியிருக்கிறார். எறும்பு இன்னும் வருகிறதாம். முக்காலிக் கால்களில் எண்ணெய் இருந்தும் எப்படி என்று கேட்கிறார். உங்கள் துணிக்கொடி செடியைத் தொடுகிறதா என்று பாருங்கள். எங்கள் மாடியில் அந்த வழியாகத்தான் வந்துகொண்டிருந்தது. நேற்றுதான் கொடியை ஒரு முழம் தள்ளிக் கட்டினேன்.